"அம்மா, போர்ல யாரு ஜெயிச்சா?" - பிள்ளைகளிடம் போரைப் பற்றி எப்படிப் பேசுவது?

2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நடந்த வாரம். ஸ்கூல் லீவு. சாந்தோமில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் பையன்கள் நாலு பேர் டிரோன் விட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். டிரோன் என்றால் ரப்பர் செருப்பு. தண்ணீர் டேங்குக்கு இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் பாகிஸ்தான். துணி எடுக்கப் போன நான் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். மறுநாளும் அதே விளையாட்டு. மூன்றாவது நாள்தான் கவனித்தேன், டேங்குக்கு அந்தப் பக்கம் நின்று செருப்படி வாங்குவது தினமும் ஒரே பையன். மூன்றாவது மாடி பாய் வீட்டுப் பையன்.

ராத்திரி என் மகனிடம் கேட்டேன். "ஏண்டா, அவன் மட்டும் ஏன் எப்பவும் பாகிஸ்தான்?"

"அவன்தானேம்மா..." என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவனுக்கு ஒன்பது வயசு. அந்தப் பையனோடுதான் எல்.கே.ஜி-யில் இருந்து ஒரே ஆட்டோவில் ஸ்கூலுக்குப் போகிறான். ரம்ஜானுக்கு அவர்கள் வீட்டு பிரியாணியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன்.

எனக்கு வந்த கோபத்தில் ஒரு தப்பு செய்தேன். "போர்னா விளையாட்டா? பாரு, போர்னா என்னன்னு" என்று போனில் குண்டு விழுந்த ஊர் ஒன்றின் வீடியோவைக் காட்டிவிட்டேன். அரை நிமிடம்கூட இருக்காது. இடிபாடுகளுக்குள் இருந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவ்வளவுதான். அடுத்த மூன்று ராத்திரி அவன் தனியாகப் படுக்கவில்லை. அந்த வாரம்தான் நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை நடந்தது, சென்னைத் துறைமுகத்திலும் நடந்தது. டி.வி-யில் சைரன் சத்தம் கேட்டதும் "நம்ம பீச்சுக்கும் கப்பல் வருமா? லைட் ஹவுஸ அடிப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஆனால், மூன்றாவது மாடிப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பயந்துபோன பிள்ளைக்குத் தன்னைப் பற்றித்தான் யோசிக்க முடியும், அடுத்தவரைப் பற்றி யோசிக்க மனசில் இடம் இருக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

குழந்தைகளிடம் போர் பற்றிப் பேச யுனிசெஃப் சொல்லும் முதல் ஆலோசனையும் இதையொட்டியதுதான். நாம் பேசுவதற்கு முன்னால், பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும், மனசில் என்ன ஓடுகிறது என்று கேட்க வேண்டும். செய்தி பார்ப்பதைக் குறைக்க வேண்டும். தூங்கப்போகும் நேரத்தில் இந்தப் பேச்சே வேண்டாம். நான் மூன்றையும் தலைகீழாகச் செய்திருந்தேன்.

ஜிம்மி

எங்களுக்கு எதிர் ஃப்ளாட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மம்மா இருக்கிறார். 1996-ல் படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு மகளோடு சென்னைக்கு வந்தவர். என் மகனுக்கு அவரை 'புட்டு அம்மம்மா' என்றுதான் தெரியும். போருக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு என்று நாங்கள் யாரும் அவனிடம் சொன்னதில்லை. அவன் தூங்காத கதையைச் சொன்னதும், அவரே சாயந்திரம் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ராசா, எங்கட வீட்டிலயும் ஒரு நாய் நிண்டது. ஜிம்மி எண்டு பேர்."

நாய் என்றதும் இவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நாய் வேண்டும் என்று இரண்டு வருடமாக என்னிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறவன்.

"ஒருநாள் பின்னேரம் மைக்கில சொல்லிக்கொண்டு போகினம், எல்லாரும் வெளிக்கிடுங்கோ எண்டு. மழை எண்டா அப்பிடி ஒரு மழை. ஒரு பை, ஒரு குடை, மாத்துடுப்பு, அவ்வளவுதான். ஜிம்மின்ர சங்கிலியைக் கழட்டி விட்டம். அது எங்களோடயே நடந்து வந்தது. நாவற்குழிப் பாலத்தடியில நிக்க இடமில்லாத சனம். அதுக்குப் பிறகு காணேல்ல."

"அப்புறம்?"

"தெரியாது ராசா."

"தேடலையா?"

"திரும்பிப் போக விடேல்லையே. முன்னுக்குத்தான் போகலாம்."

அவர் சொன்னது 1995 அக்டோபர் 30-ம் தேதி. ராணுவம் யாழ் நகரை நெருங்கிவந்தபோது, எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்தார்கள். வலிகாமம் பகுதியில் இருந்து சில லட்சம் பேர் ஒரே இரவில், கொட்டும் மழையில், தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். ஈழத்தமிழர்கள் இன்றும் 'யாழ்ப்பாண இடப்பெயர்வு' என்று சொல்லும் நாள் அது. இந்த விவரம் எதையும் அம்மம்மா சொல்லவில்லை. ராணுவம், புலிகள், சரி, தப்பு, எதுவும் இல்லை. ஒரு நாய், ஒரு பாலம். 'சில லட்சம் பேர்' என்பது ஒன்பது வயசுக்கு வெறும் எண். ஆனால் ஜிம்மியை நினைத்து அவன் அன்று ராத்திரி ஒரு மணி நேரம் பேசினான். பாலத்துக்கு அந்தப் பக்கம் யாராவது சோறு போட்டிருப்பார்களா, மழையில் எங்கே படுத்திருக்கும், மறுபடி வீட்டுக்கே போயிருக்குமா, போனால் கதவு பூட்டியிருக்குமே.

அன்று ராத்திரி அவன் பயப்படவில்லை. வருத்தப்பட்டான். இரண்டும் வேறு வேறு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, தெரிந்த அகதிக் குடும்பத்தைத் தேடிப்போய் "எங்க பையனுக்கு உங்க கதையச் சொல்லுங்க" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அன்று அம்மம்மா பேசி முடித்தபோது அவர் கையில் இருந்த டம்ளர் ஆடியது. "காணும், தேத்தண்ணி குடிப்பம்" என்று எழுந்துவிட்டார். அவராகச் சொன்னார், அவராக நிறுத்தினார். நம் பிள்ளைக்குப் பாடம் நடத்துவது அவர்கள் வேலை கிடையாது.

சாந்தோமில் நடந்த போர்கள்

"நம்ம ஊர்ல போர் நடந்திருக்கா?" என்பதுதான் அடுத்து வந்த கேள்வி. இல்லை என்று சொல்லிச் சமாதானப்படுத்தலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால், அது பொய்.

இன்று சர்ச்சும் ஸ்கூலும் மீன் மார்க்கெட்டும் இருக்கும் இந்த சாந்தோம், ஒருகாலத்தில் மதில் சூழ்ந்த போர்ச்சுகீசிய நகரம். 1672-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். கோல்கொண்டா சுல்தானின் படையும் டச்சுக்காரர்களும் சேர்ந்து முற்றுகையிட, 1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். பிறகு மதில்களை கோல்கொண்டா இடித்துத் தள்ளியது. 1746-ல் இன்னொன்று. ஃபோர்ஷோர் எஸ்டேட் தாண்டி அடையாறு கழிமுகத்தில் குயிபிள் தீவு இருக்கிறதே, அதை ஒட்டித்தான் ஆற்காடு நவாபின் படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் சண்டை. எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய நவாப் படை தோற்று, சாந்தோம் தெருக்கள் வழியாகத்தான் ஓடியது. பாடப்புத்தகத்தில் 'அடையாறு போர்' என்று ஒரு மார்க் கேள்வியாக வரும்.

"யாரு ஜெயிச்சா?"

"பிரெஞ்சுக்காரங்க. சரி, அன்னிக்கு இந்தத் தெருவுல வீடு இருந்தவங்க என்ன பண்ணியிருப்பாங்க?"

பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி என்பதால் அவனே யோசிக்க வேண்டியிருந்தது. கதவைச் சாத்தியிருப்பார்கள். பாட்டியை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவது? மீன் பிடிக்கப் போனவர் கடலில் இருந்தால் வீட்டுக்கு யார் சொல்வது? 'யார் ஜெயித்தார்கள்' என்பதற்கு அடுத்து 'அங்கே குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள்' என்று கேட்பது எங்கள் வீட்டில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. சரித்திர சினிமா பார்க்கும்போதுகூடக் கேட்கிறான். கொஞ்சம் தொல்லைதான்.

அவன் பயந்த 'பீச்சுக்குக் கப்பல்' கதையும் உண்மைதானே! 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, சுமார் பத்து நிமிடத்தில் 125-க்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகள் பற்றி எரிந்தன. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். மறுநாளில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். குண்டு விழுந்த இடத்தில் உயர் நீதிமன்ற மதிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம். 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் சொல்வது அந்தக் கப்பலின் பெயர்தான். 2006-ல் வந்த 'எம் மகன்' படத்துக்கு முதலில் வைத்த பெயரே 'எம்டன் மகன்'தான் என்றதும் இவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

கதையை இங்கேயே நிறுத்திவிடத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். நான் மீதியையும் சொன்னேன். ஏழு வாரத்தில், நவம்பர் 9-ம் தேதி, கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று எம்டனை அடித்து நொறுக்கியது. எம்டனில் இருந்தவர்களில் 130-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். "அவங்க நம்மள அடிச்சவங்கதானே?" என்றான். ஆமாம். "அவங்களுக்கும் வீடு இருக்குமா?" என்று அவனே கேட்டான். அந்தக் கேள்விக்காக நான் எதுவும் எடுத்துக்கொடுக்கவில்லை, ஜிம்மி வேலை செய்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டு ஊர், இரண்டு மிருகக்காட்சி சாலை

பிள்ளைகளிடம் சொல்வதற்கு என்னிடம் இருப்பதிலேயே நல்ல கதை இதுதான். வயசு பார்த்துச் சொல்லுங்கள்.

வண்டலூருக்கு முன்னால் சென்னையின் 'ஜூ' சென்ட்ரல் பக்கத்தில், பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும், அடுத்த நாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நம்பினார்கள். அரசாங்க அலுவலகங்கள் வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று சொல்லப்பட்டது. நம் தாத்தா பாட்டி தலைமுறையில் 'எவாக்குவேஷன்' என்ற இங்கிலீஷ் வார்த்தை சாதாரணமாகப் புழங்கியது இதனால்தான். எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயில் ஏறக் கூட்டம் முண்டியடித்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கம், புலியெல்லாம் தெருவுக்கு வந்துவிடுமே என்ற பயத்தில், அந்த ஆபத்தான விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். பயந்தபடி ஜப்பான் படை சென்னைக்கு வரவே இல்லை.

அடுத்த வருடம், 1943-ல், அதே ஜப்பானின் டோக்கியோவில் யுனோ மிருகக்காட்சி சாலையிலும் அதே பயம், அதே உத்தரவு. அங்கே ஜான், டோங்கி, வான்ரி என்று மூன்று யானைகள். விஷம் கலந்த தீனியை யானை தொடவில்லை. கடைசியில் பட்டினி போட்டே சாகடித்தார்கள். நாம் அவர்களுக்குப் பயந்து நம் புலியைக் கொன்றோம், அவர்கள் வேறு யாருக்கோ பயந்து அவர்கள் யானையைக் கொன்றார்கள்.

போர் முடிந்தது. யானையே இல்லாத மிருகக்காட்சி சாலை டோக்கியோ பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. 'எங்களுக்கு ஒரு யானை வேண்டும்' என்று நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள். 1949-ல் மைசூரில் இருந்து ஒரு பெண் யானையைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவைத்தார் நேரு. தன் மகளின் பெயரையே அதற்கு வைத்தார், இந்திரா. இது இந்தியப் பிள்ளைகள் ஜப்பான் பிள்ளைகளுக்குத் தரும் பரிசு என்று கடிதமும் எழுதினார். இந்திரா யானை 1983 வரை யுனோவில் இருந்தது.

ஐந்து, ஆறு வயசுப் பிள்ளைக்குக் கடிதமும் யானையும் போதும். பட்டினி போட்டதெல்லாம் பத்து வயசுக்கு மேலே. என் மகனிடம் நான் பட்டினி விஷயத்தைச் சொல்லவில்லை. "செத்துப்போச்சு" என்று மட்டும்தான் சொன்னேன். எப்படி என்று அவன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? கேட்காமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு

பன்னிரண்டு, பதிமூன்று வயசுக்கு யானைக் கதை எடுபடாது. அவர்கள் போனில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். மூடி மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. என் அக்கா மகளை நந்தம்பாக்கத்தில், மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் இருக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். இரண்டாம் உலகப்போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். புல்வெளி பளிச்சென்று இருக்கும், கூட்டம் இருக்காது. ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, பல கற்களில் வயசு. எட்டாம் வகுப்பு படிக்கிற அவள் வயசை மட்டும் படித்துக்கொண்டே வந்தாள். இருபது. இருபத்து மூன்று. பத்தொன்பது. "சித்தி, நம்ம அண்ணனுக்கே பத்தொன்பதுதானே?" என்றாள். அண்ணன் அப்போது காலேஜ் செகண்ட் இயர், துணியைக்கூட மடித்து வைக்கத் தெரியாதவன். நாங்கள் வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. வரும் வழியில் பரோட்டா சாப்பிட்டோம்.

அவளோடு உட்கார்ந்து 'கன்னத்தில் முத்தமிட்டால்' பார்த்தேன். 2002-ல் வந்த படம். சென்னையில் வளரும் ஒன்பது வயசு அமுதா, தன்னைப் பெற்ற அம்மாவைத் தேடி இலங்கைக்குப் போகும் கதை. சண்டைக் காட்சிகள் உண்டு என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பெரிய பிள்ளையாக இருந்தாலும் கூடவே உட்கார்ந்து பாருங்கள், நடுவில் எழுந்து குக்கரை அணைக்கப் போகாதீர்கள். நான் போனேன், திரும்பி வந்தபோது அவள் தனியாக அழுதுகொண்டிருந்தாள்.

துப்பாக்கி கேம்ஸ் விளையாடுகிற பிள்ளையிடம் போனைப் பிடுங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிடுங்கினால் பக்கத்து வீட்டில் விளையாடுவான். பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த மேப்ல இவ்ளோ வீடு இருக்கே, இதுல குடியிருந்தவங்கல்லாம் எங்கடா?" என்று ஒருமுறை கேட்டேன். "அது சும்மா செட்டும்மா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லா வீடும் காலியாதான் இருக்கு" என்றான். விளையாட்டை நிறுத்தவில்லை.

நடக்கிற போர்களைப் பற்றிப் பேச, பிள்ளைக்குத் தெரிந்த ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். உக்ரைனில் கார்கிவ் நகரத்துப் பிள்ளைகளுக்கு மெட்ரோ ஸ்டேஷனுக்குள் வகுப்பு நடக்கிறது, குண்டுக்குப் பயந்து. நம் கச்சேரி ரோட்டில் வருடக்கணக்காக மெட்ரோவுக்குத் தோண்டிக்கொண்டிருக்கிறார்களே, அதற்குள் உட்கார்ந்து கணக்குப் போடுவது எப்படி இருக்கும் என்று கேட்டேன். "ஏசி இருக்குமா?" என்பது முதல் கேள்வி. "பி.டி பீரியட் எங்க?" என்பது இரண்டாவது.

"அப்போ யார் பண்ணது தப்புன்னு சொல்லவே கூடாதா?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. பஹல்காமில் 2025 ஏப்ரல் 22-ம் தேதி 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அது அநியாயம், கொலை. அதைப் பிள்ளையிடம் மழுப்பாமல் சொல்லத்தான் வேண்டும். எல்லையில் நிற்கிற ராணுவ வீரர்களின் வீட்டிலும் பிள்ளைகள் ராத்திரி தூங்காமல் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லலாம். இரக்கப்படுவதென்றால் கோபமே வரக் கூடாது என்று அர்த்தம் இல்லை. அந்தக் கோபம் சுட்டவன் மேலே இருக்கட்டும். எங்கள் மொட்டை மாடியில் அது தண்ணீர் டேங்குக்கு அந்தப் பக்கம் நின்ற எட்டு வயசுப் பையன் மேலே செருப்பாக விழுந்தது.

அந்தப் பையன் ஒரு வாரமாக மாடிக்கே வரவில்லை. என் மகனைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனேன். அவன் அம்மா கதவைத் திறந்து, "பசங்கதானே, விடுங்கக்கா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், உள்ளே வாங்க என்று கூப்பிடச் சில நொடி ஆனது. எட்டு வருடப் பழக்கத்தில் அப்படி ஆனதே இல்லை. என் மகன் 'ஸாரி' சொன்னான், நான் சொல்லச் சொன்னதால். பிறகு நான் சொல்லாமலேயே அந்தப் பையனிடம் ஜிம்மி கதையை ஆரம்பித்தான். மழை, மைக், பாலம் எல்லாம் சேர்த்து, அம்மம்மா சொன்னதைவிட இரண்டு மடங்கு நீளமாக.

ஸ்கூல் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் மறுபடி மாடியில் சத்தம். ஏறிப் பார்த்தேன். டேங்குக்குப் பின்னால் ஒருவன் நாலு காலில் உட்கார்ந்திருந்தான், மற்றவர்கள் பெட்ஷீட்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். செருப்பும் பறந்துகொண்டுதான் இருந்தது.

"இன்னிக்கு யாருடா பாகிஸ்தான்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரும் இல்லம்மா, வழிய விடு" என்றான் என் மகன். "பாலம் உடையறதுக்குள்ள ஜிம்மியத் தூக்கணும்."